கண்ணாடிக் கூட்டில் பெய்யும் மழை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கனவுக்காலக் கோலங்களை அன்றாடப் பொருள்களில் அச்சிடுவது அவற்றுக்குப் பெருமையா, சிறுமையா? பெருமையே என்று பேச வந்திருக்கிறேன்.

இதோ, என் மூக்குக்கண்ணாடிக் கூடு. மூடியைப் பாருங்கள். வளைந்தோடும் கோடுகள் வெள்ளம். சின்ன வட்டங்கள், மணலைத் தோண்டினால் நீர் ஊறும் இடங்கள். குட்டைப் பட்டைகள் மழைமேகம். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வாழும் வார்ல்பிரி என்ற பழங்குடி மக்களின் நீர்க்கதை இது. அவர்கள் மொழியில் ஜுகுர்ப்பா. கனவு என்று நாம் சொன்னாலும் தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிலம் எப்படி உண்டானது, எந்த இடத்துக்கு யார் கடமைப்பட்டவர் என்று வகுத்துச் சொல்லும் சட்டம் அது. இந்தக் கதையைத் தீட்டும் உரிமை தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் வருவது. கண்டவர் கைவைக்க முடியாது.

எதிரணித் தலைவர், "சாமி படத்தைக் கால்மிதியில் போடுவீர்களா?" என்று கேட்டார். 1994இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் தீர்ப்பளித்த கம்பள வழக்கையும் எடுத்துக்காட்டினார். அந்த வழக்கை முழுதாகச் சொல்கிறேன். பண்டுக் மரிகா, ஜார்ஜ் மில்புருரு முதலான ஓவியர்களின் படைப்புகளை அவர்களைக் கேட்காமலே வியட்நாமில் கம்பளமாக நெய்து பெர்த் நகரில் விற்றார்கள். விற்பனையில் ஓவியர்களுக்குப் பங்கு போகிறது என்று சீட்டு வேறு தொங்கவிட்டார்கள். அத்தனையும் பொய்! புனிதமான படம் மிதிபட்டது பெரும் வேதனைதான். ஆனால் எதில் போடலாம், எதில் கூடாது என்று சொல்லும் வாயை அடைத்தார்களே, அதுதான் குற்றத்தின் வேர். 1966இல் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியத்தைக் கேட்காமல் ஒரு டாலர் நோட்டில் அச்சிட்டதும் இதே அநியாயம்.

அந்த வாய் திறந்திருந்தால் என்ன நடக்கும்? ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தள்ளி, யுவெண்டுமு என்ற பாலைவன ஊரில் வார்லுகுர்லாங்கு கலைக்கூடம் இருக்கிறது. 1985இல் தொடங்கியது, உடைமையாளர்கள் பழங்குடியினரே. இப்படிப்பட்ட கூடங்கள் வழியாக அச்சிடும் உரிமம் கொடுத்தால், பையோ குடையோ, விற்பனையில் ஒரு பங்கு ஓவியருக்கு வருகிறது. ஓவியத்தையே விற்றால் பெரும்பாலும் ஒருமுறைதான் காசு. உரிமமோ பொருள் விற்கும்வரை சோறு போடும்.

மறைபொருள் அம்பலமாகிவிடும் என்றார்கள் எதிரணியினர். 1970களில் பப்புன்யா என்ற பாலைவன ஊரின் ஓவியர்களுக்கு அந்தச் சிக்கல் வந்தது. பெரியவர்கள் கோபித்தார்கள், வெளியார் பார்க்கக் கூடாத அடையாளங்களை ஓவியர்களே விட்டுவிட்டார்கள். எதைக் காட்டலாம் என்று அவர்களுக்குத் தெரியும், ஐயா. நாம் காவல் நிற்க வேண்டியதில்லை.

போலிகள் மலிந்திருப்பது உண்மைதான். அதற்காக அசலை நிறுத்தினால் கடைத்தெரு முழுவதும் போலிக்கே போய்விடும். அசலை வாங்குகிறவர்கள் பெருக வேண்டும்.

நடுவர் அவர்களே, இந்தக் கூட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். உள்ளே ஒரு சீட்டு இருக்கிறது. வரைந்தவரின் பெயரும் ஊரும் கதையும் அதில் உண்டு. தீர்ப்புக்கு முன் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நன்றி, வணக்கம்.