எழவு சொல்லப் போவது யார்?

(ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் செவிலியர்களுக்கும் மாணவிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் டீன் அவர்களுக்கும், நிலைய மருத்துவ அலுவலர் அவர்களுக்கும், எதிரே இருக்கும் சிஸ்டர்களுக்கும், நைட் டியூட்டி முடித்துத் தூக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘ஒருங்கிணைந்த துக்ககால ஆதரவு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒருங்கிணைந்த என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். அதற்குள் ஒரு கமிட்டியும் ஒரு ரெஜிஸ்டரும் ஒரு மாதாந்திர அறிக்கையும் ஒளிந்திருக்கும். அதனால் நான் என் ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் முதல் காரியம் சொல்லிவிடுவதுதான். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதுவார்கள். தாய்மாமன் வீடு, சம்பந்தி வீடு, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண். ஒவ்வொரு திசைக்கும் எழவு சொல்ல ஓர் ஆள் கிளம்பும். செத்தவரின் மகன் போகமாட்டான். அவன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ‘எங்கப்பா போயிட்டார்’ என்று அவன் வாயால் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லக்கூடாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. சேதி சொல்லும் வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டிவைத்திருந்தோம் என்பது வெட்கப்பட வேண்டிய கதை. அதைக் கொண்டாட நான் வரவில்லை. இன்றைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், கண்ணீர் அஞ்சலிப் படத்தை முதலில் போடுவது பெரும்பாலும் மைத்துனனோ கூட்டாளியோதான்.

நம் ஆஸ்பத்திரிக்குள் இது தலைகீழ். இங்கே எழவு சொல்லும் வேலை மகனுக்கு. வார்டில் கையெழுத்து. விபத்து கேஸ் என்றால் புறக்காவல் நிலையம். பிணவறை வாசலில் ஒரு முறை. அமரர் ஊர்திக்கு 155377-க்குப் போன் போட்டால் அங்கே ஒரு முறை. அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பேங்க், ரேஷன் கடை. ஒவ்வொரு ஜன்னலிலும் ‘என்ன விஷயம்?’ என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் முதலிலிருந்து சொல்கிறான். பிரிட்டனில் இதற்கு ‘டெல் அஸ் ஒன்ஸ்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இறப்பைப் பதிவு செய்யும்போது ஒரு தடவை சொன்னால் போதும், ஓய்வூதியம், வரி, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் எல்லா அலுவலகங்களுக்கும் அதுவே போய்ச் சேரும். ‘ஒரு முறை சொல்லுங்கள்.’ பெயரே எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, எனக்குப் பாடம் சொன்ன கதைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த மருத்துவமனைகளில் ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஒரு குழந்தை நாலாம் நாள் இறந்துபோனது. குறைமாதம். தாய் அடுத்த பிளாக்கில், பிரசவித்த பெண்களின் வார்டில் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. பக்கத்துக் கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் இவளுக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைகிறது. கட்டிலை மாற்றிக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லவும் தோன்றவில்லை. அவளுடைய அம்மாதான் மல்லிகைப் பூ வாங்கிவரச் சொல்லி மார்பில் வைத்துக் கட்டினார். (இதைக் கேட்டு முன்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள், மல்லிகைப் பூவால் பால் வற்றுகிறது என்று 1988-இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது.)

டிஸ்சார்ஜ் அன்று சீட்டு கொடுத்தோம். அச்சடித்த சீட்டு. கீழே வழக்கமான வரி: ‘ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும்.’ அதை யாரும் அடிக்கவில்லை. ஒரு பேனாக் கோடு. அதைக்கூடப் போடவில்லை. அன்று டியூட்டியில் இருந்தது நான்தான்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் ஓ.பி.க்கு வந்தபோது தற்செயலாகப் பார்த்தேன். அவளுடைய ஊர் கிராம சுகாதார செவிலியர், நாம் வி.எச்.என். என்று சொல்பவர், அவளுக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். ‘பாப்பாவுக்கு ஒன்றரை மாச ஊசி வந்திருச்சும்மா, புதன்கிழமை கூட்டிட்டு வந்துரு.’ முதல் தடவை இவள் ‘சரிங்க சிஸ்டர்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தச் ‘சரிங்க’வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. எழவு சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. இரண்டாவது தடவை போனை மாமியார் வாங்கிக் கத்தியிருக்கிறார்.

இதில் யார் தப்பு? வி.எச்.என். தன் வேலையைச் சரியாகச் செய்தவர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி கணினிப் பதிவில் பிரசவத் தேதி இருக்கிறது, ஊசி தேதி வந்துவிட்டது, போன் செய்தார். போன் செய்யாத வி.எச்.என். மேல்தானே நாம் புகார் சொல்வோம்? நாங்களும் சும்மா இருக்கவில்லை. குழந்தை இறப்புத் தணிக்கைக்கான படிவத்தை நிரப்பி அனுப்பினோம். அது மாவட்ட அலுவலகத்துக்குப் போனது, எண்ணிக்கையில் சேர்ந்தது. அங்கிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு இறங்கி வருவதற்குள் இரண்டு புதன்கிழமை வந்துவிட்டது.

நம் சுகாதாரத் துறையில் தகவல் மேலே போகும், வேகமாகப் போகும். பக்கவாட்டில் போகாது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். வார்டிலிருந்து வி.எச்.என்.னுக்கு, ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு, பிணவறையிலிருந்து வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு என்று குறுக்கே போக வேண்டிய சேதி எல்லாவற்றையும் துக்க வீட்டுக்காரர் தலையில் ஏற்றி அனுப்புகிறோம்.

இங்கிலாந்தில் கர்ப்பத்திலோ பிறந்த பிறகோ குழந்தையை இழந்த குடும்பங்களுக்காக 2017-இல் ஒரு வழிமுறையைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். கருச்சிதைவு, குறைபாடு கண்டு கலைக்க நேர்வது, வயிற்றிலேயே இறப்பது, பிறந்து இறப்பது, தூக்கத்தில் திடீரென்று இறப்பது என்று ஐந்து விதமான இழப்புகளுக்கும் தனித்தனியே என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கேஸ் ஷீட்டின் மேல் கண்ணீர்த் துளி ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கமும் அங்கே பல இடங்களில் உண்டு. ஸ்கேன் எடுப்பவரோ சாப்பாடு கொண்டுவருபவரோ உள்ளே போய் ‘பையனா பொண்ணா?’ என்று கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக. ஸ்டிக்கர் என்ன விலை இருக்கும்?

‘நமக்கு ஆள் இல்லை சிஸ்டர், ஒரு வார்டுக்கு எத்தனை பேர் இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா’ என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் இதே கட்டடத்தில், துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறோம். யார் என்று யோசித்துப் பாருங்கள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். 2011-இல் சட்டத்தைத் திருத்தி, அப்படி ஒருவர் இல்லாமல் உறுப்பு மாற்று செய்ய மருத்துவமனைக்குப் பதிவே கிடையாது என்று ஆக்கினார்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர் பொறுமையாகச் சொல்கிறார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார். போலீஸிடம் அவரே பேசுகிறார். பிரேதப் பரிசோதனை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்கிறார். வண்டி ஏற்பாடாகும்வரை கூடவே நிற்கிறார். 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்த பிறகு கொடையாளருக்கு அரசு மரியாதையும் உண்டு. மிக நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அடுத்த கட்டிலைப் பாருங்கள். அங்கேயும் அதே வயதுப் பையன், அதே பைக் விபத்து. இதயம் நின்று இறந்துவிட்டான், எடுக்க முடிந்த உறுப்பு இல்லை. அந்த அப்பாவிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘பாடியை மார்ச்சுவரிக்கு அனுப்பியாச்சு, ஸ்டேஷன்ல போய்ப் பாருங்க.’ குடும்பத்திடமிருந்து நமக்கு ஒன்று தேவைப்படும்போது நாற்காலி போடுகிறோம். எப்படிப் பேசுவது, எங்கே நிறுத்துவது, யாரை முன்னால் கூப்பிடுவது, எல்லாம் நமக்குத் தெரிகிறது. பயிற்சியும் இருக்கிறது. இது திறமைக் குறைவு இல்லை. கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

‘பாடி’ என்ற சொல் வந்துவிட்டது. மானிட்டரில் கோடு நேரானது ஆறு பத்துக்கு என்றால் ஆறு பதினைந்துக்கு அவர் ‘பாடி’ ஆகிவிடுகிறார். காலையில் ‘தாத்தா, கையை நீட்டுங்க’ என்று ஊசி போட்டது நாம்தானே? ‘தாத்தாவைக் கீழே கொண்டுபோறோம்’ என்று சொன்னால் வேலை ஒன்றும் கெட்டுப்போகாது.

பிணவறைப் பக்கம் அதிகம் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. வசதி இருக்கிற இடங்களில் அது நடக்கிறது. கொலை, தற்கொலை போன்றவற்றுக்குப் பொதுவாக அந்த அனுமதி இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. விளைவு என்ன? தற்கொலையில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள்தான் ராத்திரி முழுக்க மரத்தடியில் காத்திருக்கிறார்கள். துக்கம், குற்றவுணர்வு, ஊர்ப்பேச்சு, போலீஸ் கேள்வி எல்லாம் சேர்ந்து அழுத்தும் நேரம் அது. அந்த ராத்திரியில் மனநலப் பிரிவிலிருந்து ஒருவர் கீழே இறங்கி வருவதை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். மனநலப் பிரிவின் சுவரில். அதை மரத்தடிக்குக் கொண்டுவரலாம்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமனையில் நடந்த இறப்பை 21 நாளைக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியது குடும்பம் இல்லை, நாம். இறப்பின் காரணத்தை எழுதும் நாலாம் எண் படிவம் இலவசம். இலவசம் என்பது 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அவசரத்தில் பெயரின் முதலெழுத்தைத் தப்பாக எழுதிவிடுகிறோம். ‘சு’ வர வேண்டிய இடத்தில் ‘சி’. அந்த ஒரு எழுத்துக்காக ஒரு விதவை எத்தனை முறை தாலுகா ஆபீஸ் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. ஆதார் அட்டையை வாங்கி ஒத்துப் பார்த்து எழுதுங்கள். என் கணக்கில் அதுவும் துக்கம் விசாரிப்பதுதான்.

அப்புறம், வீட்டில் இறப்பவர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே நம் பிள்ளைகள் போகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, டியூப் மாற்றி, பல வீடுகளில் சொந்தக்காரரைவிட நெருக்கமாகிவிடுகிறார்கள். நோயாளி இறந்ததும் பட்டியலிலிருந்து பெயர் எடுபடுகிறது, வருகை நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குச் சாவுக்குப் பிறகு நடந்த ஒரே வருகை, இரவல் கொடுத்த தண்ணீர்ப் படுக்கையைத் திரும்ப வாங்குவதற்காக. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தில், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் காரியம் முடிந்த பிறகும் அந்த வீட்டுப்படி ஏறுகிறார்கள். துட்டி கேட்பது, துக்கம் விசாரிக்கப் போவது, நமக்குத் தெரியாத வழக்கமா? நம் வருகைக் கணக்கில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் கவுன்சிலிங் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒப்பாரியும் ஊரும் பதினாறாம் நாளும் போதும். ஆறு மாதம் தாண்டியும் எழுந்திருக்க முடியாதபடி துக்கம் ஒருவரை முடக்கிப்போட்டால், அதை இப்போது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் யாராவது ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வார்டில் கடைசி மூன்று வருஷம் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தோம். அரசாணை எதுவும் இல்லை, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு இறப்புக்கும் நாலு கட்டம்: ஊர் வி.எச்.என். பெயரும் நம்பரும், யார் சொன்னது, எத்தனை மணிக்கு, பதினாறாம் நாள் கழித்துப் பேசியாயிற்றா. வி.எச்.என்.னுக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். பதினாறுக்கு அப்புறம் பேசும் போன்தான் முதலில் கஷ்டமாக இருந்தது. முதன்முதலில் நான் பேசியது மனைவியை இழந்த ஒரு பெரியவரிடம். ஆஸ்பத்திரியிலிருந்து என்றதும் பதறிப்போய், ‘கையெழுத்து ஏதும் விட்டுப்போச்சா தாயி?’ என்று கேட்டார். இல்லை ஐயா, எப்படி இருக்கீங்கன்னு கேட்கத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மாள் வளர்த்த இரண்டு ஆடுகளைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்.

டீன் அவர்கள் மேடையிலேயே இருப்பதால் கேட்டுவிடுகிறேன். இந்த நாலு கட்டத்தையும் டெத் ரெஜிஸ்டரின் கடைசியில் அச்சடித்துத் தாருங்கள் ஐயா. நோட்டு தீர்ந்துபோனால் வாங்குவதற்கு அடுத்து வரும் சிஸ்டருக்கு ஞாபகம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டு மணி ஷிஃப்ட்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன். நோட்டு இதோ என் பையில்தான் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் இருப்பது அந்த ஒன்றரை மாத ஊசிக்குக் கூப்பிட்ட வி.எச்.என்.னின் நம்பர். அந்தப் பெண் ஓ.பி.க்கு வந்த அன்றைக்கே நான் அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். ஊசி மருந்துப் பெட்டியை மட்டும் தெருமுனைக் கடையில் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.