பிராட்ஃபோர்டின் அணித்தலைவர் ஜிம்மி ஸ்பியர்ஸ்

நேயர்களுக்கு என் வணக்கம். புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் வரிசையாகச் சொன்னாலே எனக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிடும். அந்த வரிசையில் அதிகம் பேசப்படாத, நாட்டுக்காக ஒரே ஒரு முறை மட்டுமே களமிறங்கிய ஜிம்மி ஸ்பியர்ஸைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த கோவன் பகுதியில் 1886ஆம் ஆண்டு பிறந்த ஸ்பியர்ஸ், அதே பகுதியைச் சேர்ந்த ரேஞ்சர்ஸ் கழகத்துக்காக ஆடினார். 1908 மார்ச்சில் டண்டீ நகரில் வேல்ஸை ஸ்காட்லாந்து 2-1 என்று வென்ற ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு நாட்டு அணிக்கு அழைப்பு வரவேயில்லை. இடையில் ஓராண்டு கிளைட் கழகத்தில் ஆடிவிட்டு, 1909இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு சிட்டிக்குப் போனார்.

கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர் பிராட்ஃபோர்டு. அங்கே ரக்பிக் கழகமாக இருந்ததுதான் 1903இல் கால்பந்துக் கழகமாக மாறியது. எட்டே ஆண்டுகளில், ஸ்பியர்ஸின் தலைமையில் அது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியது. அந்த அணியில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதால், இங்கிலாந்தின் கோப்பைக்கு ஸ்காட்லாந்தே ஆடியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கோப்பையும் புதியது. முந்தைய கோப்பையின் வடிவத்தை வேறு சிலர் பிரதி எடுத்துவிட்டதால் புதிதாக ஒன்று செய்ய வேண்டியதாயிற்று; அதைச் செய்து கொடுத்ததோ அதே பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நிறுவனம்.

லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நியூகாசில் யுனைடெட்டுடன் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. நான்கு நாள் கழித்து, 1911 ஏப்ரல் 26 அன்று, மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். பதினைந்தாவது நிமிட வாக்கில், கோல் முன்னே உயர்ந்து வந்த பந்தை ஸ்பியர்ஸ் தலையால் முட்டினார். முட்டலில் பெரிய வேகமில்லை. ஆனால் எதிரே பாய்ந்து வந்த இன்னோர் ஆட்டக்காரரால் கோல்காப்பாளர் லாரன்ஸ் (இவரும் கிளாஸ்கோக்காரர்தான்) கவனம் சிதற, பந்து அவரைக் கடந்து வலைக்குள் போனது. அழகான கோல் என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் கோப்பையை வென்று தந்தது அந்த ஒரு கோல்தான். பிராட்ஃபோர்டு சிட்டி இன்றுவரை வென்றிருக்கும் ஒரே பெரிய கோப்பையும் அதுவே.

1912இன் இறுதியில், ஹெர்பர்ட் சாப்மன் மேலாளராக இருந்த லீட்ஸ் சிட்டி அவரை வாங்கியது. அங்கும் கோல்களுக்குக் குறைவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், கால்பந்துப் பருவம் முடிந்த கையோடு, மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தும், கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வருமுன்பே, கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் தாமாக முன்வந்து சேர்ந்தார். வீரத்துக்காக மிலிட்டரி மெடல் பெற்று, சார்ஜென்ட்டாக உயர்ந்தார். 1917 ஆகஸ்ட் 20 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரை அடுத்த போர்முனையில் உயிரிழந்தபோது அவருக்கு வயது 31. அதே கோப்பை அணியில் ஆடிய பாப் டோரன்ஸும் மறு ஆண்டு போரில் மடிந்தார்.

ஸ்பியர்ஸ் இங்கிலாந்தில் ஆடிய காலத்தில் ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கு வாரத்துக்கு நான்கைந்து பவுண்டு என்று உச்சவரம்பு இருந்தது. அவருடைய 1911 கோப்பைப் பதக்கம் 2003இல் ஏலத்துக்கு வந்தபோது 26,000 பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. அவருடைய கல்லறை பெல்ஜியத்தில், டோச்சி ஃபார்ம் இடுகாட்டில், மற்றப் படைவீரர்களின் கல்லறைகளுக்கு நடுவே இருக்கிறது.