சுப்பாராவும் மேற்கோள் கணக்கும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் துணைவேந்தர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த நூலகர் அம்மா அவர்களே, மழையையும் பாராமல் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் வேதியியல் ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் வேறொரு கூட்டம் இருந்தும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நம் நன்றி.

ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். இந்த மூன்று கணக்கையும் அந்தப் பழமொழியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரை எது? 1951இல் ஆலிவர் லோரி குழுவினர் புரதத்தை அளப்பதற்கு எழுதிய முறை. 2014இல் பட்டியல் போட்டு எண்ணியபோதே அதன் மேற்கோள்கள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரைக்கு அதே பட்டியலில் முதல் 100க்குள் இடமில்லை. அளக்கும் முறையைச் சொன்னவரை அளக்கிறவர்கள் எல்லோரும் குறிப்பிட்டே ஆக வேண்டும், அதுதான் காரணம்.

சரி, அப்படி ஒரு அளவை முறையைத் தந்தவர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக்குக் கதர் உடுத்திப் போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் வெள்ளைக்காரர், அவருக்குப் பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு முழம் கதருக்காக ஒரு பட்டம் போயிற்று, ஐயா! மனிதர் மனம் தளரவில்லை. கப்பலேறி பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் ஏவலாள் வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவிய கைதான் ஆய்வகத்தில் பிப்பெட் பிடித்தது.

அந்தக் கை என்ன செய்தது? ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அமிலம் கலந்த மாலிப்டேட் கரைசலை விட்டு, ஒடுக்கி என்னும் எலக்ட்ரான் தரும் பொருளைச் சேர்த்தால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். இந்த முறை, ஹார்வர்ட் ஆசிரியர் ஃபிஸ்க், சுப்பாராவ் இருவர் பெயரில் 1925இல் வந்தது. தசைச் சாற்றில் மட்டும் நீலம் உடனே வராமல் மெல்ல மெல்ல ஏறியது. ஏன் என்று விடாமல் துருவினார்கள். 1927இல், அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பரஸைத் தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற தசைப்பொருள் கிடைத்தது, 1929இல் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. கிடைத்தது. ஜெர்மனியில் லோமான் என்ற விஞ்ஞானியும் அதே ஆண்டு ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார்.

பாஸ்பரஸ் அளக்கும் இந்த முறையை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுத்து, 1964இல் அமெரிக்காவின் கார்ஃபீல்ட் கொண்டுவந்த மேற்கோள் அட்டவணையில் ஒரு கட்டுரைக்கு முதல் ஆசிரியரின் பெயர் மட்டும்தான். புரட்டினால் ஃபிஸ்க் இருப்பார், சுப்பாராவ் இருக்கமாட்டார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது!

அவரோ மற்றவர் பெயரை மறைக்காதவர். 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போய் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். 1945இல் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தயாரித்த கட்டுரையில் 16 பெயர்கள். தலைவர் பெயர் ஏழாவதாக நிற்கிறது. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தும் அங்கேதான் உருவானது. அதைக் கொடுத்து ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கண்டதை 1948இல் பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் கட்டுரையாக எழுதினார். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் சுப்பாராவ் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்துவந்த யானைக்கால் மாத்திரையும் அவர் ஆய்வகத்திலிருந்து வந்ததே. மருத்துவப் பயனை விரித்தால் தனிக் கூட்டம் வேண்டும்.

இப்போது நம் கல்லூரிகளைப் பார்ப்போம். காலையில் வந்து கரைசல் தயாரிப்பது, பியூரெட்டைக் கழுவி மாட்டுவது, தராசில் மில்லிகிராம் பிசகாமல் எடை போடுவது எல்லாம் ஆய்வக உதவியாளர். மாணவன் முனைவர் ஆகிறான், வழிகாட்டிக்கு மேற்கோள் கூடுகிறது, பதவி உயர்வு வருகிறது. அந்த அண்ணன் பெயர் நன்றியுரையில்கூட இருப்பதில்லை. உழுதவன் கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான். அளவெடுத்தவர், ஆய்வின் போக்கில் பங்கு பெற்றவர் என்றால் ஆசிரியர் வரிசையிலேயே பெயர் வேண்டும். மற்றவர்கள் எந்த வேலையைச் செய்தார்கள் என்று பெயரோடு ஆய்வேட்டில் எழுத வேண்டும். இதைப் பல்கலைக்கழகம் விதியாகவே ஆக்க வேண்டும். துணைவேந்தராக இருந்த ஐயா அவர்கள் மேடையில் ஆதரவு சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

வாசலில் மேசைமேல் கோரிக்கைப் படிவம் இருக்கிறது. பெயர், ஊர், வேலை மூன்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அடுத்த வாரம் பதிவாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், கூட வர விரும்புகிறவர்கள் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள்.