தீப்பிடிக்காத பாவாடை வேண்டாம் என்ற பாலே நட்சத்திரம்: எம்மா லிவ்ரி

தீப்பிடிக்காத உடை தயாராக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்று பிரெஞ்சுப் பேரரசின் ஆணையும் இருக்கிறது. ஆனால் 18 வயதுப் பெண் ஒருத்தி பாரிஸ் ஓப்ரா என்ற பெரிய அரங்கத்தின் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிறார்: என் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் என் பொறுப்பு.

வணக்கம் மக்களே! அந்தப் பெண் பாலே நடனக்காரி எம்மா லிவ்ரி. கடிதம் எழுதிய வருடம் 1860. அடுத்த இரண்டு வருடங்களில் நடந்ததைத்தான் பார்க்கப் போகிறோம். மனசு கொஞ்சம் இளகியவர்கள் நடுவில் ஒரு நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், தப்பில்லை.

பிறந்த கதையை வேகமாக முடித்துவிடலாம். 1842, பாரிஸ். அம்மா அதே பாரிஸ் ஓப்ராவில் ஆடியவர். அப்பா ஒரு பிரபு, கல்யாணம் கிடையாது. அடுத்தது.

1858 அக்டோபர். 16 வயதில், பாரிஸ் ஓப்ராவில் முதல் மேடையே 'லா சில்ஃபிட்' என்ற பாலேயின் நாயகி வேடம்! வெள்ளை வெளேரென்ற உடையில், கால்விரல் நுனியில் மிதக்கிற பாலே பெண் என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறதல்லவா? அந்தப் படத்தை 1832-ல் இதே வேடத்தில் உலகத்துக்குக் காட்டியவர் மரி தாலியோனி. ஓய்வுபெற்று இத்தாலியில் ஏரிக்கரையில் இருந்த அந்த அம்மாள், இந்தப் பெண்ணைப் பார்க்கவே பாரிஸுக்கு வந்தார். பார்த்தவர் திரும்பிப் போகவில்லை, குருவாகவே தங்கிவிட்டார். தன் படத்தில் எம்மாவுக்கு இப்படி எழுதிக் கொடுத்தார்: "என்னை உலகம் மறக்கும்படி ஆடு. ஆனால் நீ என்னை மறந்துவிடாதே." எந்த குருவுக்கு இந்த மனசு வரும்!

எம்மாவுக்காகவே தாலியோனி ஒரு பாலே அமைத்தார். அவர் வாழ்நாளில் அமைத்த ஒரே பாலே அதுதான். பெயர் 'லெ பாப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி. இசை ஆஃபன்பாக். கதையில் வண்ணத்துப்பூச்சியாக மாறிய நாயகி தீப்பந்தத்தை நோக்கிப் பறக்கிறாள், சிறகு எரிகிறது, சாபம் தீர்கிறது. ஆமாம், நிஜமாகவே இதுதான் கதை. நானாகச் சேர்க்கவில்லை.

இப்போது உடைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1822-லேயே பாரிஸ் ஓப்ராவுக்கு கேஸ் விளக்கு வந்துவிட்டது. மேடையின் ஓரத்தில், பக்கவாட்டுத் திரைகளுக்கு நடுவில், எங்கு திரும்பினாலும் சுடர். நடுவில் ஆடுகிறவர்கள் கட்டியிருப்பதோ மெல்லிய மஸ்லின், அடுக்கு அடுக்காக. துணி மெல்லியது, ஒவ்வொரு அடுக்குக்கு நடுவிலும் காற்று. ஒரு பொறி பட்டால் போதும். பயந்து ஓடினால் இன்னும் காற்று, இன்னும் தீ. 1844-ல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக்காரி இப்படித்தான் எரிந்து இறந்தார்.

இதற்கு கார்த்தரோன் என்பவர் ஒரு வழி வைத்திருந்தார். துணியை ஒருவகை உப்புக் கரைசலில் முக்கி எடுத்தால் சட்டென்று பற்றாது. 1859-ல் அரசாணையே போட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், அப்படி முக்கி எடுத்த துணி கஞ்சி அதிகமாகிப்போன காட்டன் புடவை மாதிரி விறைத்துக்கொண்டது, நிறமும் மங்கியது. எம்மாவின் பெயரே எடையில்லாமல் எழும்பி, சத்தமில்லாமல் இறங்குவதில்தான் இருந்தது. விறைத்த பாவாடையில் அது எப்படி வரும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் அவர் ஒரேயடியாக மறுக்கவில்லை. கடைசிக் காட்சியில் போட்டுக்கொள்கிறேன், சில நாள் ஆட்டம் முடியட்டும், நானே மாற்றச் சொல்கிறேன் என்றும் எழுதியிருந்தார். அதனால் "அழகுக்கு ஆசைப்பட்டு உயிரை விட்டாள்" என்று ஒரு வரியில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆணை போட்டுவிட்டு, 18 வயதுப் பெண்ணின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மேடைக்கு அனுப்பியவர்களை என்ன சொல்வது? நீங்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம்.

1862 நவம்பர் 15. 'லா முயெத் தெ போர்த்திசி' என்ற இசை நாடகத்தின் ஒத்திகை. எம்மாவுக்கு ஃபெனெல்லா என்ற வாய் பேசாத பெண்ணின் வேடம். மேடை ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தவர், எழுந்து கசங்கிய பாவாடையை உதறி விரித்தார். அவ்வளவுதான். பக்கத்திலிருந்த கேஸ் சுடரில் பட்டது. தலைக்கு மேல் தீ எழும்ப மேடையில் ஓடினார். தீயணைப்புக்காரர் பிடித்துப் போர்வையில் சுற்றுவதற்குள் உடம்பெல்லாம் வெந்துவிட்டது. முகத்தில் மட்டும் தீ படவில்லை.

எட்டு மாதம் படுக்கை. அப்போது அவரிடம் அந்தக் கார்த்தரோன் பாவாடை பற்றிக் கேட்டார்கள். ஆபத்து குறைவுதான், ஆனால் மறுபடி மேடைக்கு வந்தாலும் அதைப் போட மாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்றாராம்! நான் இதைப் படித்துவிட்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1863 ஜூலை 26-ல் இறந்தார். வயது 20. எரிந்த உடையின் மிச்சம் பாரிஸ் ஓப்ரா நூலக அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

இறுதி ஊர்வலத்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. இதே கோத்தியே 1838-ல் உருகி உருகி எழுதிய இன்னொரு நடனக்காரி யார் தெரியுமா? அம்மணி! புதுச்சேரி வழியாக பாரிஸ் போய் ஆடிய நம்மூர் தேவதாசி. சத்தியமாக. அது தனி வீடியோ போடுகிற அளவுக்குப் பெரிய கதை. வேண்டும் என்றால் கீழே 'அம்மணி' என்று ஒரு கமெண்ட் போடுங்கள், எடுத்துவிடலாம்.