ஜப்பானியத் தந்தையரும் கைப்பேசித் திரையும்

அவையோருக்கு வணக்கம். ஜப்பானியத் தந்தையரின் இணையப் பயன்பாட்டுக்கும் குடும்பத்தில் அவர்கள் கொள்ளும் ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கைப்பேசியைக் கையிலெடுத்த தகப்பன் பிள்ளையை மறந்துவிடுகிறான் என்று நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் நிலவரம் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

1999-இல் அந்நாட்டுச் சுகாதார நல அமைச்சகம், பிள்ளை வளர்ப்பில் ஈடுபடாத ஆணைத் தந்தை என்று அழைப்பதில்லை எனும் பொருள்பட ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. அதே ஆண்டில்தான் ஐ-மோட் சேவை தொடங்கி, சிறு கைப்பேசியிலேயே மின்னஞ்சலும் இணையமும் கிடைத்தன. வேலை மாற்றத்தால் குடும்பத்தை விட்டு வேறு நகரில் தனியே தங்கும் தந்தையர் அங்கே ஏராளம். அவர்களுக்கு வீட்டுச் செய்தி உடனுக்குடன் வந்து சேர்ந்தது பெரிய ஆறுதல்தான். பிறகு 2011-இல் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான லைன் செயலியும், 2015-இல் குடும்பப் படங்களைப் பகிர்வதற்கான மிதேனே செயலியும் வந்தன. இரவு ரயிலில் நின்றபடியே, பிள்ளை அன்று முதன்முதலாக எழுந்து நின்றதைத் தந்தை பார்த்துவிடலாம். ஆனால் பார்ப்பது வேறு, பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பது வேறு.

என் கருத்தில், எத்தனை மணி நேரம் இணையத்தில் இருக்கிறார் என்பதைவிட, எதற்காக இருக்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. மழலையர் காப்பகத்துக்கும் வீட்டுக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை உடல்வெப்பம், தூங்கிய நேரம், சாப்பிட்டது, மலம் கழித்தது என எல்லாவற்றையும் அதில் எழுதி அனுப்புவது பெரும்பாலும் தாயின் பொறுப்பாகவே இருந்தது. அந்தக் குறிப்பேடு பல இடங்களில் இன்று செயலியாகிவிட்டதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தி இருவர் கைக்கும் ஒரே நேரத்தில் வர வழி உண்டு. வந்தபின் அலுவலகத்திலிருந்து எழுந்து போவது யார் என்பதைச் செயலி முடிவு செய்வதில்லை. இன்னொன்றையும் ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டும்: குழந்தை வளர்ப்பைப் பற்றி இணையத்தில் தேடும் தந்தை, முன்பே அக்கறையுள்ளவராக இருந்திருக்கலாம்; அப்படியானால் எது காரணம், எது விளைவு?

2021-இன் அரசுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள வீடுகளில் கணவர் நாளொன்றுக்கு வீட்டுவேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் செலவிட்டது 1 மணி 54 நிமிடம். மனைவியோ 7 மணி 28 நிமிடம். 2016-இல் கணவரின் பங்கு 1 மணி 23 நிமிடம்தான் என்பதால் முன்னேற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் பெரிய பாய்ச்சல் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. 2012-இல் மகப்பேற்றையொட்டி விடுப்பு எடுத்த தந்தையர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. குழந்தை பிறந்த எட்டு வாரத்துக்குள் நான்கு வாரம்வரை தந்தை விடுப்பு எடுக்கலாம் என்ற ஏற்பாடு 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் இந்த விடுப்பு விகிதத்தை வெளியிடவேண்டும் என்ற கட்டாயம் 2023 ஏப்ரலில் வந்தது. செயலிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எல்லார் கையிலும் இருந்தன. விடுப்பு விகிதம் முப்பது விழுக்காட்டைத் தொட்டதோ அந்த 2023-இல்தான்.