அடிக்கோடு போட்ட சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வானொலியில் படம் காட்டுவது விபரீதமான வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

1968 மார்ச் 28, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரம். ஒரு தேவாலயத்துக்கு வெளியே, தெருவை அடைத்துக்கொண்டு குப்பை அள்ளும் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். பலர் கோட்டும் தொப்பியுமாக வந்திருக்கிறார்கள். அட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஐ ஆம் எ மேன்'. அதில் 'ஆம்' என்ற சொல்லின் அடியில் மட்டும் ஒரு கோடு.

இதைத் தமிழாக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். 'நான் மனிதன்' என்றால் கோடு போட்ட சொல்லே காணாமல் போகிறது. 'நானும் மனிதன்தான்' என்றாலோ கெஞ்சல் வந்து ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் கெஞ்சவில்லை. நரைத்த தலைக்காரரையும் வெள்ளையர்கள் 'பையா' என்று கூப்பிட்ட ஊர் அது. அதற்கான பதில் அந்த அட்டை.

பிப்ரவரி 1 அன்று மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்களை அதன் நசுக்கும் இயந்திரம் கொன்றது. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

படமெடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ். அதே ஊர்க்காரர், கறுப்பினத்தவர். மாண்ட்கமரி நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பு வென்றபின், 1956இல் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் பேருந்தில் அமர்ந்து பயணம் செய்த படமும் அவர் எடுத்ததுதான். போராட்டக்காரர்களின் எந்தக் கூட்டத்திலும் அவருக்குக் கதவு திறந்திருந்தது. 2007இல் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று உண்மையை வெளியிட்டது: விதர்ஸ் அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு உளவு சொன்னவர். அவர் வழியாகத் தகவல்களும் படங்களும் அங்கே போயிருக்கின்றன.

எட்டுப் பிள்ளைகளின் தகப்பன், பணமுடை என்று அவருக்காகப் பேசுவோர் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றவும் மாட்டேன். அது எடுத்தவரைவிட நின்றவர்களுக்குச் சொந்தமானது.

படமெடுத்த அந்த மார்ச் 28 அன்று, தொழிலாளர்களின் ஊர்வலத்தில் கலவரம் மூண்டது. பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானான். அடுத்த வாரம், ஏப்ரல் 4 அன்று, அதே ஊரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 16ஆம் தேதி மாநகராட்சி இறங்கி வந்து தொழிலாளர்களின் சங்கத்தை அங்கீகரித்தது. அதன் பிறகுதான் அவர்கள் மறுபடி குப்பை லாரியில் ஏறினார்கள்.