கால்வாய்க்கு மேலே, கால்வாய்க்குக் கீழே: கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு சைக்கிள் சுற்று

[திரையில்: விடியற்காலை. பின்னால் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, சாலையோரம் ஒரு சைக்கிள்]

வணக்கம். கிருஷ்ணகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது டோல்கேட்டும் லாரி வரிசையும்தான். உள்ளூர்க்காரனான எனக்கே, சைக்கிள் எடுத்த பிறகுதான் பத்து கிலோமீட்டருக்குள் இவ்வளவு செழிப்பான ஊர்கள் இருப்பது தெரிந்தது. அந்தச் செழிப்பு ஓர் இடத்தில் தொடங்கி, ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. ஏன் என்று பார்ப்போம்.

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957-ல் காமராஜர் திறந்து வைத்தது. முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. வலதுபுறம் ஒன்று, இடதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து பாயும் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 9,012 ஏக்கர்.

[திரையில்: கால்வாய்க் கரை. ஒரு பக்கம் நெல், மறுபக்கம் செம்மண் மேடு]

இப்போது கரையில் ஏறிவிட்டோம். மிதிப்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, கவனித்தீர்களா? கால்வாய்க்கு மோட்டார் கிடையாது, தண்ணீர் தானாகத்தான் ஓட வேண்டும். சரிவு அதிகமானால் கரையை அரித்துவிடும். அதோடு, கால்வாய் சீக்கிரமே பள்ளத்துக்கு இறங்கிவிட்டால் அதற்கு மேலே கிடக்கும் நிலமெல்லாம் வீண். அதனால் அது நேராக இறங்காமல், மேட்டின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, மிக மெல்லிய சரிவில் போகிறது. அந்தச் சரிவில்தான் நாமும் போய்க்கொண்டிருக்கிறோம்.

கரைக்குக் கீழே நெல், தென்னை, மாடி வீடு, வாசலில் டிராக்டர். கரைக்கு மேலே கேழ்வரகு, கொள்ளு, மாமரம். நடுவில் இருப்பது இருபதடி அகலம்கூட இல்லை.

ஒரு மடையருகே நிறுத்தினேன். சிமெண்ட் பலகை உடைந்த இடத்தில் பழைய சாக்கைச் சுருட்டி, மேலே களிமண் அப்பி அடைத்திருந்தார்கள். சாக்கின் ஓரத்தில் தண்ணீர் நூல் மாதிரி கசிய, அந்த நூல் விழுந்த இடத்தில் மட்டும் கோரை ஓர் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. மண்வெட்டியோடு நின்ற பெரியவரிடம், “ஐயா, இது உங்க நிலமா?” என்றேன்.

“கீழ இருக்கறது என்னுது தம்பி, மேல தெரியுதே, அது எங்க அண்ணனுது. பாகம் பிரிச்சப்போ ஆளுக்கு ரெண்டு ஏக்கர், சரிசமம்தான். தண்ணி மேட்டுக்கு ஏறாதே, என்ன பண்றது? அண்ணன் பசங்க ஓசூர் கம்பெனிக்குப் போயிட்டாங்க.”

நான் சொல்ல வந்ததே இதுதான். அவருக்குத் தண்ணீர் கிடைத்ததும் அண்ணனுக்குக் கிடைக்காததும் இருவரின் உழைப்பாலும் அல்ல. நிலம் சில அடி தாழ்வாக இருந்ததா, உயரமாக இருந்ததா என்பதுதான் கணக்கு.

வழக்கமாக ஜூலை வாக்கில் முதல் போகத்துக்கும், டிசம்பர், ஜனவரி வாக்கில் இரண்டாம் போகத்துக்கும் தண்ணீர் திறப்பார்கள். திறந்து ஒரு மாதம் கழித்துப் போனால் பச்சை கண்ணை நிறைக்கும். ஆனால் இந்த ஆறு வரும் வழியையும் நினைக்க வேண்டும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையும் சுமந்துகொண்டு, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி வருகிறது. அங்கே நுரை மலை மலையாகப் பொங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதே ஆற்றுத் தண்ணீர்தான் இந்த நாற்றுக்கும். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மேட்டுக் காடுகளும் வெறும் வறட்சி இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் மாமரம் பூக்கும்போது அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள், மணமே ஆளை நிறுத்திவிடும். காய்ப்பதில் பெரும்பகுதி பெங்களூரா மாங்காய். கூழ் ஆலைகளுக்குப் போகிறது. சில தோட்டங்களைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள், அதனால் நல்ல விலை வந்த வருஷத்தில்கூட லாபம் தோட்டக்காரர் கைக்கு முழுசாக வருவதில்லை.

[திரையில்: ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிய வாய்க்கால், ஓட்டு வீடுகள்]

அப்புறம், கால்வாய் முடியும் கடைமடை. இங்கே வாய்க்கால் தாண்டிவிடும் அளவுக்குக் குறுகிவிட்டது. முதல் மடைக்காரர்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் இவர்கள் முறை. அணை நிரம்பாத வருஷத்தில் முதலில் காய்வதும் இதுதான். மாடி வீடுகள் குறைந்து ஓட்டு வீடுகள் வருவதைப் பாருங்கள். இங்கே கரைக்குக் கீழே இருக்கும் நிலமும் மேட்டு நிலமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

கரைப் பாதையில் சீமைக் கருவேல முள் அதிகம். பஞ்சர் பசையும் பம்பும் இல்லாமல் போகாதீர்கள். காவேரிப்பட்டணத்தில் டீயும் நிப்பட்டும் சாப்பிட்டுவிட்டு, வந்த கரையிலேயே திரும்புங்கள். நெடுஞ்சாலையில் சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் லாரி கடக்கும் காற்றே சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.